மரக்கச் செய்யும் களிம்பு கிருமியைக் கொல்லுமா?

அறுவடைக் காலத்தில் கருக்கரிவாள் விரலைப் பதம் பார்ப்பதும், வேலிமுள் காலில் தைப்பதும், கறவை மாட்டின் காம்பு வெடித்துப் புண்ணாவதும் உழவர் வீட்டில் புதிதல்ல. முன்பு மஞ்சளும் வேப்பெண்ணெயும் மட்டும் இருந்த மாடத்தில் இப்போது மருந்துக் கடையில் வாங்கிய களிம்புக் குழாய்கள் ஒன்றிரண்டும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, தடவிய இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு. மூலத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் யாருக்கோ வாங்கியது, மிச்சமிருந்தால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பயிற்சி முகாம் ஒன்றில் பயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசி முடித்தபின் ஓர் உழவர் எழுந்து கேட்டார்: “ஐயா, மாட்டுக் காம்பில் புண். மரக்கிற மருந்தைத் தடவினேன். மாடு உதைப்பதை நிறுத்தியது. சீழும் குறைந்ததுபோல் இருந்தது. அப்படியானால் அந்த மருந்து கிருமியையும் கொல்கிறது என்றுதானே அர்த்தம்?”

நல்ல கேள்வி. ‘ஆம்’ என்று சொன்னாலும் முழு உண்மையாகாது. ‘இல்லை’ என்றாலும் முழு உண்மையாகாது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் மாட்டுக்கும் நட்டம், மனிதருக்கும் ஆபத்து. எனவே இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பார்லிப் பயிரில் பிறந்த மருந்து

இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் மரக்கச் செய்யும் களிம்புகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது லிக்னோகெய்ன் என்னும் மருந்து. இதற்கு லிடோகெய்ன் என்றும் பெயர் உண்டு. உழவர்களுக்கு ஒரு செய்தி: இந்த மருந்தின் கதை ஒரு பயிரில்தான் தொடங்குகிறது.

1930-களில் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் பார்லிப் பயிரின் சில திரிந்த வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவற்றிலிருந்து கிராமின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பைச் சரிபார்ப்பதற்காக எர்ட்மன் என்பவர் அதை ஒத்த மற்றொரு பொருளை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, அக்கால வேதியியலாளர்களின் வழக்கப்படி நாக்கில் தொட்டுச் சுவைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப் போயிற்று. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு லோஃப்கிரன், லுண்ட்குவிஸ்ட் என்னும் இருவர் தொடர்ந்து உழைத்து, 1943-ல் லிக்னோகெய்னை உருவாக்கினர். 1948-ல் அது விற்பனைக்கு வந்தது.

அதற்கு முன்பே, 1884-ல் வியன்னாவில் கோலர் என்னும் மருத்துவர் கோகா இலையின் சத்தான கோகெய்னைக் கண்ணில் விட்டு, வலியின்றி அறுவை செய்யலாம் எனக் காட்டியிருந்தார். 1905 அளவில் புரோகெய்ன் வந்தது. ‘கெய்ன்’ என்று முடியும் இந்த மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன.

பின்னர் லிக்னோகெய்னையும் பிரிலோகெய்னையும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வீதம் சேர்த்துச் செய்த களிம்பு ஒன்று வந்தது. இரண்டும் தனித்தனியே தூளாக இருப்பவை. சம அளவில் கலந்தால் அறை வெப்பத்திலேயே உருகி எண்ணெய்போல் ஆகிவிடும். அதனால் காயமில்லாத தோலினுள்ளும் இறங்கும். அதைப் பூசி மேலே மூடிக் கட்டி, சுமார் ஒரு மணி நேரம் கழித்து ஊசி போட்டால் குழந்தைக்கு வலி தெரியாது.

மரப்பது எப்படி?

நரம்பு ஒரு வாய்க்கால் போன்றது. அதில் ஓடுவது நீரல்ல, மின்னோட்டம். நரம்பிழையின் மேலுறையில் வெளியிலிருந்து சோடியம் உள்ளே நுழைவதற்கான மிகச் சிறிய மடைவாய்கள் உள்ளன. மடை திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் வலி என்ற செய்தி மூளைக்குப் போகும். லிக்னோகெய்ன் அந்த மடைகளை அடைத்துவிடுகிறது. புண் அப்படியே இருக்கிறது. செய்தி மட்டும் போகவில்லை. மருந்து கரைந்து போனதும் மடை மீண்டும் திறக்கிறது, வலி திரும்புகிறது.

ஆகவே வலி குறைந்ததைக் கொண்டு புண் ஆறுகிறது என முடிவு செய்தல் கூடாது. இது முதற்பாடம்.

கிருமிக்கு என்ன ஆகிறது?

பாக்டீரியாவுக்கு நரம்பு கிடையாது. ஆனால் அதற்கும் மேலுறை உண்டு. நெல் மணிக்கு உமி போல, பாக்டீரியாவின் உயிர்ப்பொருளைப் பொதிந்து காப்பது கொழுப்பினாலான மெல்லிய சவ்வு. லிக்னோகெய்ன் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும். மறுமுனை நீரோடு ஒட்டும். இத்தகைய பொருள் கொழுப்புச் சவ்வினுள் புகுந்து அதைக் குலைக்கிறது. சவ்வு கசிகிறது, உள்ளிருக்கும் உப்புகளும் மற்றப் பொருள்களும் வெளியேறுகின்றன. அளவு மிகுந்தால் பாக்டீரியா இறக்கிறது. குறைந்தால் வளர்ச்சி மட்டும் தடைப்படுகிறது. சோப்பு நீர் அசுவினியின் மேல் படும்போது அதன் உடலின் மெழுகுப் பூச்சு கெட்டு அது சாவதை நாம் பார்த்திருக்கிறோம். இதுவும் ஏறக்குறைய அதுபோலத்தான்.

1970-ல் சிமிட், ரோசன்கிரான்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், லிக்னோகெய்னும் புரோகெய்னும் ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமிகள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதை வெளியிட்டனர். அதன்பின் பல நாடுகளில் பலர் இதைச் சோதித்து உறுதி செய்துள்ளனர். லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் சேர்ந்த களிம்பு கிருமிகளை அடக்குவதும் சோதனைகளில் தெரிய வந்துள்ளது.

சோதனை செய்வது எப்படி?

நான் பயிர் நோயியல் படித்தவன். பூசணக்கொல்லி மருந்தைச் சோதிப்பதும் கிருமிக்கொல்லி மருந்தைச் சோதிப்பதும் ஒரே முறைதான். நம் இராமநாதபுரம் கடற்கரையில் எடுக்கும் கடற்பாசியிலிருந்து அகார் என்னும் பொருள் கிடைக்கிறது. அதைச் சத்துப் பொருள்களோடு காய்ச்சித் தட்டில் ஊற்றினால் பாலாடைக்கட்டி போல் உறையும். அதன்மேல் கிருமியைச் சீராகப் பரப்பி, நடுவில் சிறு குழி வெட்டி, மருந்தை வைத்து, உடல் வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருப்பார்கள். மறுநாள் காலையில் தட்டு முழுதும் கிருமி மண்டியிருக்கும். மருந்து வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிவாக இருக்கும். களைக்கொல்லி சிந்திய இடத்தில் புல் முளைக்காத வட்டம் போல.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. களிம்பில் மருந்து மட்டும் இல்லை. குழைப்பதற்கான அடிப்பொருள் இருக்கிறது. கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் சிலவற்றில் உண்டு. இவையும் கிருமியைத் தடுக்கலாம். எனவே மருந்து கலக்காத வெறும் களிம்பையும் வேறொரு குழியில் வைத்துப் பார்க்க வேண்டும். உரச் சோதனையில் உரமிடாத பாத்தி ஒன்றை விடுகிறோம் அல்லவா? அதே நியாயம். அந்தப் பாத்தி இல்லாமல் சொல்லப்படும் பெருமைகளை உழவர்கள் நம்ப வேண்டாம். உரத்துக்கும் சரி, மருந்துக்கும் சரி.

எவ்வளவு பலம்?

‘கொல்கிறது’ என்பது மட்டும் போதாது. எந்த அளவில் கொல்கிறது என்பதே முக்கியம். லிக்னோகெய்ன் கிருமியை நன்கு அடக்க நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கோ அதற்கு மேலோ தேவைப்படுகிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால் ஒரு மில்லி நீரில் 20,000 மைக்ரோகிராம். பென்சிலினோ, தனக்கு அடங்கும் கிருமியை ஒரு மில்லியில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே அடக்கிவிடும். ஒன்று கூரிய அரிவாள். மற்றது மொட்டைக் கட்டை. கட்டையாலும் அடிக்கலாம், ஆனால் அறுவடை செய்ய முடியாது.

மேலும், எல்லாக் கிருமிகளும் ஒரே அளவில் அடங்குவதில்லை. ஒரு பூச்சிமருந்துக்கு அசுவினி சாகும், காய்ப்புழு சாகாது என்பது போலவே இங்கும். தட்டில் ஒரு கிருமி அடங்கியதைக் கண்டு, புண்ணில் உள்ள கிருமியும் அடங்கும் என எண்ணுதல் கூடாது.

புண்ணில் ஏன் பலிப்பதில்லை?

ஆய்வுக்கூடத் தட்டு வேறு. மாட்டுக் காம்பின் புண் வேறு. அதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, களிம்பு மேற்பரப்பில்தான் இருக்கிறது. கிருமி புண்ணின் ஆழத்திலும், மடி நோயில் மடியின் உட்திசுவிலும் குடியிருக்கிறது. வேரழுகல் நோய்க்கு இலையின் மேல் தூள் தூவினால் என்ன பயன்?

இரண்டாவது, களிம்பு நிலைப்பதில்லை. நிணநீர் அதை நீர்க்கச் செய்கிறது, இரத்தம் கொண்டு போகிறது, மாடு நக்குகிறது. அளவு குறைந்ததும் உயிர் தப்பிய கிருமி மீண்டும் பெருகுகிறது.

மூன்றாவது, சீழ் பிடித்த இடம் புளிப்புத்தன்மை அடைகிறது. புளிப்பில் லிக்னோகெய்ன் சவ்வைத் துளைத்துச் செல்லும் வடிவத்தில் குறைவாகவே இருக்கும். சீழ் கட்டிய பல்லைப் பிடுங்கும்போது மரக்கும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போவது இதனால்தான். எங்கே கிருமி அதிகமோ அங்கே இந்த மருந்து வலுவிழக்கிறது.

நான்காவது, சில கிருமிகள் வித்துகளாகி உறங்குகின்றன. இரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்தாகக் கிடக்கிறது. கொதிநீரையே தாங்கும் வித்தை இந்தக் களிம்பு ஒன்றும் செய்யாது. காற்றுப் புகாத ஆழமான குத்துக் காயத்தில்தான் அது முளைக்கும். முள் குத்திய துளையைக் களிம்பால் அடைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆட்டுக் குட்டிகளின் வால்பகுதித் தோலை அறுத்து நீக்கும் வழக்கம் உண்டு. அந்தக் காயத்தின் மேல் தெளிப்பதற்கு டிரை-சோல்ஃபென் என்னும் மருந்து அங்கே பயன்பாட்டில் உள்ளது. அதில் லிக்னோகெய்ன் இருக்கிறது. நீண்ட நேரம் மரக்கச் செய்யும் பியூபிவகெய்ன் இருக்கிறது. இரத்தப் போக்கைக் குறைக்கும் அட்ரினலின் இருக்கிறது. இவற்றோடு செட்ரிமைடு என்னும் கிருமிநாசினியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மரக்கச் செய்யும் மருந்து இரண்டு இருந்தும் கிருமிக்கென்று தனியே ஒரு மருந்து சேர்த்திருப்பதை உழவர்கள் கவனிக்க வேண்டும்.

கிருமி மறைந்துகொள்ளும் ஆபத்து

பாதி பலம் இருந்தால் பாதி நன்மையாவது உண்டே என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் உழவர் ஒருவர் கலப்பினப் பசு ஒன்று வைத்திருந்தார். வீட்டின் வாராந்தரச் செலவு அந்தப் பாலை நம்பித்தான் நடந்தது. ஒரு காம்பின் நுனியில் வெடிப்பு, பின்னர் புண், பாலில் திரிதிரியாகக் கட்டி. கறக்க உட்கார்ந்தால் மாடு உதைத்தது. அவருடைய மனைவி காலையும் மாலையும் மரக்கும் களிம்பைத் தடவிவிட்டுக் கறந்து வந்தார். வயல் பார்க்கப் போயிருந்த நானும், பால் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள் என்று சொல்லி, புட்டியும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் வழக்கம்போல் களிம்பைத் தடவி, மாட்டை அமைதிப்படுத்தி, அதே காம்பிலிருந்து பீய்ச்சிக் கொடுத்தனுப்பினார்கள்.

‘கிருமி வளரவில்லை’ என்று முடிவு வந்தது. கிருமி இல்லை என்றால் மருந்து எதற்கு என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். பத்து நாள் போயிற்று. பிறகு வந்த கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “மாதிரி எடுக்குமுன் காம்பில் என்ன தடவினீர்கள்?” களிம்பை நிறுத்தி, காம்பை முறையாகத் துடைத்து மறு மாதிரி எடுத்தபோது கிருமி வளர்ந்தது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்குள் அந்தக் காம்பு கெட்டுப் போயிற்று. மூன்று காம்பு மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதை உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மடி நோய்க் கிருமிகளில் சில, பாலில் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஆகவே முதல் முடிவு தவறியதற்குக் களிம்பு ஒன்றே காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். ஆனால் காம்பின் நுனியில் கிருமியைத் தடுக்கும் பொருளைப் பூசி, அதுவும் புட்டிக்குள் விழ, அந்தப் புட்டி பல மணி நேரம் பயணம் செய்தால், அதில் வரும் முடிவை எப்படி நம்புவது? கேட்க வேண்டிய கேள்வியை அன்று நானும் கேட்கவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

மனிதருக்கும் இதே நிலைதான். ஆறாத புண்ணிலிருந்து மாதிரி எடுக்குமுன் இத்தகைய களிம்பைப் பூசினால், உண்மையில் கிருமி இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம் என மருத்துவ ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். புண்ணில் பாதிக் கிருமி உயிரோடு இருக்கும். தட்டில் ஒன்றும் வளராது. கள்ளன் வீட்டுக்குள் இருக்க, காவலர் திரும்பிப் போன கதையாகிவிடும்.

மருந்தோடு மருந்து மோதுவதும் உண்டு

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாதது. சல்பா மருந்துகளைக் கால்நடைகளுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். பாக்டீரியா தனக்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்குப் ‘பாபா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் அமிலம் வேண்டும். சல்பா மருந்து பாபாவைப் போலவே வேடமிட்டு உள்ளே சென்று, அந்தத் தயாரிப்பை நிறுத்தி, பாக்டீரியாவின் பெருக்கத்தைத் தடுக்கிறது.

புரோகெய்ன் என்னும் மரக்கச் செய்யும் மருந்து உடலில் சிதையும்போது கிடைப்பது அதே பாபாதான். அதாவது சல்பா மருந்து பட்டினி போட முயலும் கிருமிக்கு, புரோகெய்ன் பின்வாசல் வழியாகச் சோறு போடுகிறது. பென்சோகெய்னும் அதே இனத்தைச் சேர்ந்தது. லிக்னோகெய்ன் வேறு இனமாதலால் அதில் இந்தத் தொல்லை இல்லை. மரக்கும் மருந்துகள் எல்லாம் ஒன்றே என்று எண்ணி வீட்டில் கிடைப்பதைத் தடவினால், கிருமிக்கு உதவி செய்ததாகவும் முடியலாம்.

ஆட்டுக்குட்டிக்கு அரை கிராமே அதிகம்

மரக்கச் செய்யும் மருந்து இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்தால் நடுக்கம், வலிப்பு, பின் இதயம் நின்று மரணம். ஆடுகளில், அதிலும் குட்டிகளில், இந்த ஆபத்து அதிகம். ஆட்டுக்கு லிக்னோகெய்ன் ஊசி போடும்போது, உடல் எடை கிலோவுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் நிற்பது பாதுகாப்பானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோ எடையுள்ள குட்டிக்கு 25 மில்லிகிராம் எல்லை. நூற்றுக்கு 5 பங்கு கொண்ட களிம்பில் ஒரு கிராமுக்கு 50 மில்லிகிராம் மருந்து உண்டு. ஆக, அரை கிராம் களிம்பிலேயே அந்த 25 மில்லிகிராம் இருக்கிறது. 30 கிராம் குழாய் ஒன்றில் இருப்பது 1,500 மில்லிகிராம். அறுபது குட்டிகளுக்கான எல்லை! காயமில்லாத தோலில் தடவினால் சிறிதளவே உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் தோல் உரிந்த பெரும் புண்ணில் மிகுதியாக இறங்கும். குட்டியோ தாயோ நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ‘ஊசியல்ல, களிம்புதானே’ என்ற அலட்சியம் வேண்டாம்.

கைக்குழந்தைகளுக்கும் இது பொருந்தும். பல் முளைக்கும்போது அழுகிறது என்று ஈறில் மரக்கும் மருந்தைத் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பென்சோகெய்ன், பிரிலோகெய்ன் ஆகியவை இரத்தத்தின் சிவப்புப் பொருளை மாற்றி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடக்கூடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தழைச்சத்து உரம் ஊறி நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைக் குடிக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் நீலநோயும் இதே வகைதான். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பென்சோகெய்ன் கொண்ட பல்முளைப்பு மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என அறிவித்தது.

வலி ஒரு காவல்காரன்

சேற்றில் இறங்கி வேலை செய்யும் உழவருக்குக் காலில் புண் வந்தால் வலி அவரை வரப்பில் உட்கார வைக்கிறது. களிம்பைத் தடவினால் வலி தெரியாது. மறுபடியும் சேற்றில் இறங்கிவிடுவார். சாணமும் அழுகிய தழையும் கலந்த சேறு திறந்த புண்ணில் ஏறும். வலி இருந்திருந்தால் வீட்டில் இருந்திருப்பார். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்கெனவே பாதம் மரத்திருக்கும்; அவர்கள் இந்தக் களிம்பைக் காற்புண்ணுக்குத் தடவவே கூடாது. விரலில் ஆரம்பித்தது காலை எடுப்பதில் போய் முடிந்த குடும்பங்களை நாம் ஊர்தோறும் பார்க்கிறோம்.

பாட்டி வைத்தியத்தில் பல்வலிக்குக் கிராம்பை வைத்து அடக்குவார்கள். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் மரக்கவும் செய்யும், கிருமியையும் தடுக்கும். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பும் இதில் அடக்கம். ஆனால் கிராம்பினால் வலி அடங்கியது என்று சொத்தைப் பல்லை அப்படியே விட்டவர்களுக்குக் கன்னம் வீங்கியதும் உண்டு. பழைய மருந்தானாலும் புதிய மருந்தானாலும் விதி ஒன்றுதான்: வலியை அடக்குவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. புண்ணை முதலில் சுத்தமான நீராலும் சோப்பாலும் நன்கு கழுவவும். கிருமியைக் குறைப்பதில் களிம்பைவிட இது மேலானது, செலவும் இல்லை. நாய் கடித்தால் உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும். கடிவாயில் களிம்போ, சுண்ணாம்போ, மிளகாய்ப் பொடியோ வைத்தல் கூடாது.

2. முள், ஆணி, கொழு குத்திய ஆழமான காயத்தைக் களிம்பால் அடைக்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.

3. மடி நோய்க்குப் பால் மாதிரி எடுப்பதானால் காம்பில் எந்தக் களிம்பும் தடவியிருக்கக் கூடாது. காம்பைக் கழுவித் துடைத்து, நுனியைச் சாராயம் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிட்டு, முதல் சில பீய்ச்சல்களைத் தனியே விட்டு, பிறகு வரும் பாலை நுண்ணுயிர் நீக்கிய புட்டியைச் சாய்த்துப் பிடித்து ஏந்தவும். பனிக்கட்டியில் வைத்து விரைவில் சேர்க்கவும்.

4. புண்ணில் முன்பு என்ன தடவினீர்கள், எப்போது தடவினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவும். குழாயையே கையோடு கொண்டு போனால் இன்னும் நல்லது.

5. காம்புப் புண்ணில் களிம்பு தடவிய நிலையில் கறந்த பாலை வீட்டுக்கோ சங்கத்துக்கோ கொடுக்க வேண்டாம். மருந்து கொடுத்த மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்கவும்.

6. கன்றுக்குக் கொம்பு நீக்குவதற்கும், கிடாய்க்குக் காயடிப்பதற்கும் மேலே தடவும் களிம்பு போதாது. மருத்துவர் நரம்பின் அருகே போடும் ஊசியே வலியை முறையாகத் தடுக்கும். கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

7. மூன்று நாளில் புண் குறையாவிட்டாலோ, வீக்கமோ, துர்நாற்றமோ, காய்ச்சலோ கண்டாலோ, வீட்டு வைத்தியத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்லவும்.

முகாமில் கேள்வி கேட்ட உழவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே திரும்பச் சொல்கிறேன். மரக்கச் செய்யும் களிம்பு கிருமியைச் சற்று அடிக்கும், அழிக்காது. அந்தச் சிறிய அடியும் கிருமியைச் சோதனைக்கண்ணிலிருந்து மறைத்துவிடக்கூடும். மருத்துவர் கையில் அது நல்ல மருந்து. மாடத்தில் கிடந்து, காரணம் தெரியாமல் கைக்கு வரும்போது, அது வலியையும் மறைக்கும், நோயையும் மறைக்கும். அவர் கேட்டுவிட்டு, “அப்படியானால் இன்றைக்கே மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறேன்” என்றார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் இருக்கவில்லை. அவர் செய்ததே சரி.